சந்தை இரைச்சலும் சேர்ந்ததுதான் பதிவு

ஆவணப்பட ஒலிப்பதிவாளராக நான் வேலை செய்த இடங்களில், தொழிலைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரேசிலின் பாஹியா மாநிலத்தில், சாந்தோ அமாரோ நகரில் நடக்கும் பெம்பே விழா. 1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கந்தோம்ப்ளே மதத்தின் குருவான ஜோவாவ் தெ ஒபா, தம்மைச் சார்ந்தவர்களோடு அந்தக் கரும்பு ஊரின் சந்தைத் திடலில் பந்தல் போட்டு மேளம் கொட்டினார். வழிபாட்டு இல்லத்துக்குள் அடங்கியிருந்த சடங்கு, ஊர் முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது. பாஹியாவில் இந்த இல்லங்கள் காவல்துறையிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதி 1976 வரை நீடித்ததை நினைத்தால், அந்தத் துணிச்சலின் அளவு விளங்கும்.

மூன்று மேளங்களில் பெரியதான ஹும்தான் பேசுகிறது. ஹும்பியும் லேயும் மெல்லிய குச்சிகளின் அடியில் தாளம் பிசகாமல் அதைத் தாங்குகின்றன. ஹும் வாசிப்பவர் ஒரு கையில் குச்சியும் மறு கையில் வெறும் உள்ளங்கையுமாக, ஆடுபவரின் பாதங்களைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பாதம் திரும்பும் கணத்தில் அடியும் மாறுகிறது. எழுதிவைத்த சுரக்குறிப்பு எதுவும் அவர் முன்னால் இல்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து பெரியவர்களின் பக்கத்தில் நின்று கைக்கு வந்த வித்தை அது. இதை மேடை நிகழ்ச்சி என்று எழுதுபவர்கள் அந்தக் கண்களைக் கவனித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

மேளத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்துத் தரவேண்டும் என்பது எனக்கிடப்பட்ட வேலை. காய்கறிக்காரர்களின் கூவலும் மோட்டார் சைக்கிள்களும் ஊடே வரத்தான் செய்தன. ஆனால் சந்தையில் கேட்கவேண்டும் என்பதற்காகவே தொடங்கிய விழாவிலிருந்து சந்தையை நீக்கிவிட்டால், மிஞ்சுவது ஸ்டூடியோவிலும் கிடைக்கக்கூடிய ஒலிதான். ஆகவே திடலுக்கெனத் தனியாக ஒரு மைக் வைத்தேன். தயாரிப்பாளருக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை. தூதுத் தெய்வமான எஷுவுக்கும் முன்னோருக்கும் முன்கூட்டியே நடக்கும் சடங்குகளுக்கு எந்த மைக்கும் கிடையாது. அதைத் தீர்மானிப்பவர்கள் இல்லத்துப் பெரியவர்கள், நாங்கள் அல்ல.

2019-இல் பிரேசில் அரசு இவ்விழாவைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. இப்போது இத்தகைய பணிகளை ஏற்குமுன், இரைச்சல் நீக்காத மூலப் பதிவின் ஒரு பிரதி அந்த இல்லங்களுக்குப் போகவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன்.