இடது கையால் தொட வேண்டிய ஆந்தை

"ஆந்தையையா? அதுவும் இடது கையாலயா?" என்று கேட்டுவிட்டு அத்தை இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

ஊரில் ராத்திரி ஆந்தை அலறினால் எழுந்து போய் விரட்டிவிட்டு வந்துதான் மறுபடி படுப்பார். யாராவது இடது கையால் தண்ணீர் நீட்டினால் வாங்க மாட்டார். அப்படிப்பட்ட மாமியாரை நாங்கள் கூட்டிக்கொண்டு போன ஊர், ஆந்தையையே தன் அடையாளமாக வைத்திருக்கும் டிஜோன்.

பாரிஸில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு இரண்டு வாரம் போயிருந்தோம். மூன்றாவது நாளே பிள்ளைகள் இருவரும் "இன்னொரு மியூசியம்னா நாங்க வரலை" என்று கொடி பிடித்துவிட்டார்கள். தம்பிதான் டிஜோனைச் சொன்னான். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பர்கண்டி என்ற பிரெஞ்சுப் பகுதியின் கோமகன்கள் ஆண்ட தலைநகரம். பழைய ஊர் அப்படியே இருக்கிறது, எல்லாம் நடந்து போகும் தூரம். தரையில் பதித்த சின்னச் சின்ன ஆந்தைத் தகடுகளைப் பின்தொடர்ந்தால் 22 இடங்களைப் பார்த்துவிடலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கென்று வழிகாட்டியோடு ஒரு நடையும் இருந்தது. பதிவு செய்தது நான். அவசரத்தில் பிரெஞ்சில் விளக்கும் நடைக்குப் பதிவு செய்துவிட்டேன் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

சரி, தம்பி இருக்கிறானே என்று தேற்றிக்கொண்டோம். வழிகாட்டிப் பெண் கையை ஆட்டி ஆட்டிப் பத்து நிமிடம் பேசுவார். கூட்டம் சிரிக்கும். தம்பி எங்கள் பக்கம் திரும்பி, "பழைய கட்டடமாம்" என்பான்.

டார்சி பூங்காவிலிருந்து கிளம்பினோம். வாசலிலேயே பெரிய வெள்ளைக் கல் கரடி. பர்கண்டிக்காரரான போம்போன் என்ற சிற்பியின் புகழ்பெற்ற பனிக்கரடியின் நகல் அது. அசல் பாரிஸில் இருக்கிறது. மகன் அதைவிட்டு நகர மறுத்தான் என்றால், என் கணவர் பூங்காவின் பெயரைப் பார்த்துவிட்டு நகர மறுத்தார். "டார்சி! டார்சி விதி!" சிவில் இன்ஜினியரிங் படித்த எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பெயராம். மண்ணுக்குள் தண்ணீர் ஊறி ஓடும் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரம். அந்த ஹென்றி டார்சி பிறந்து வளர்ந்த ஊர் இதுதான். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊற்றிலிருந்து மூடிய கால்வாய் வெட்டி, 1840இல் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தவர். அவர் கட்டிய நீர்த்தேக்கம் இந்தப் பூங்காவிலேயே இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லும் விதி, இந்த ஊர்க் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி 1856இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான் முதலில் வந்தது. கணவருக்கு அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் அவருக்கு இனாம்.

அடுத்து நோத்ர தாம். பாரிஸில் இருப்பது வேறு, இது டிஜோனின் நோத்ர தாம். 13ஆம் நூற்றாண்டு மாதா கோயில். முகப்பில் வரிசை வரிசையாகக் கல் மிருகங்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கின்றன. மொத்தம் 51. மகள் எண்ணியபோது ஒரு தடவை 47, இன்னொரு தடவை 53 வந்தது. இவற்றின் வாயிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு சொட்டுகூட வராதாம், வெறும் அலங்காரம். 1880களில் வைத்தவை.

அப்படியானால் அதற்கு முன்பு? இந்தக் கதைக்கு மட்டும் தம்பி ஒழுங்காக மொழிபெயர்த்தான். கோயில் கட்டிய புதிதில் முகப்பில் வேறு சிலைகள் இருந்தன. அதில் ஒன்று பணப்பையோடு நிற்கும் வட்டிக்காரன். நிஜமான வட்டிக்காரன் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ள இந்த வாசலுக்கு வந்து நின்றானாம். மேலே இருந்த கல் வட்டிக்காரனின் கல் பணப்பை உடைந்து நேராக அவன் தலையில் விழுந்தது. ஆள் அங்கேயே காலி. பயந்துபோன மற்ற வட்டிக்காரர்கள் காசு திரட்டிக் கொடுத்து முகப்புச் சிலைகளையே இடிக்க வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதி வைத்த கதையாம். "நம்ம ஊர் கந்துவட்டிக்காரன் வீட்டு வாசல்லயும் ஒண்ணு வைக்கணும்" என்றார் அத்தை. அன்று அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அதே கோயிலின் உச்சியில் ஒரு குடும்பம் வாழ்கிறது. அப்பாவின் பெயர் ஜாக்மார். இரும்பு மனிதர், சுத்தியலால் மணி அடிப்பதுதான் வேலை. 1382இல், இன்றைய பெல்ஜியம் பக்கம் இருக்கும் ஃபிளாண்டர்ஸில் நடந்த போரில் வென்ற துணிச்சல்கார பிலிப் என்ற கோமகன், கூர்த்ரை ஊரைக் கொள்ளையடித்துவிட்டு, அந்த ஊர்க் கடிகாரத்தையும் கழற்றி இங்கே அனுப்பிவிட்டார். நகை, பணம் என்று கொள்ளையடிப்பார்கள், ஊர் மணிக்கூண்டையே பெயர்த்துக்கொண்டு வருவதைக் கேள்விப்பட்டதில்லை. ஜாக்மார் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் தனியாக மணி அடித்தார். ஊர்க்காரர்களுக்கே பாவமாக இருந்து, 1651இல் ஜாக்லின் என்ற மனைவியைச் செய்து வைத்தார்கள். குழந்தை இல்லையே என்று உள்ளூர்க் கவிஞர் ஒருவர் பாட, 1714இல் மகன் வந்தான். 1884இல் மகள். பெரியவர்கள் முழு மணிக்கு அடிப்பார்கள், பிள்ளைகள் கால் மணிக்கு. பதினொன்று அடிக்கும்வரை எல்லோரும் அண்ணாந்து நின்றோம். "அந்தப் பாப்பா பொறக்க 170 வருஷமா?" என்று மகள் கேட்டாள். கணக்கு சரிதான்.

அப்புறம்தான் ஆந்தை. கோயிலின் வடக்குப் பக்கம் ஒடுங்கிய சந்து, அதன் பெயரே ஆந்தைத் தெரு. சுவரோரத்துத் தாங்கு தூணில், ஆள் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் பெரியதாக ஏதோ இருக்கிறது. ஆந்தை என்று சொன்னால்தான் தெரியும். தலைமுறை தலைமுறையாகத் தடவித் தடவிக் கண், மூக்கு, இறகு எல்லாம் போய் மழமழவென்று ஆகிவிட்டது. நம் கோயில்களில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு வழவழப்பான தூண் சிற்பங்கள் ஞாபகம் வந்தன. செதுக்கிய கொத்தர் கையெழுத்துப்போல விட்டுப்போனதாக இருக்கலாம் என்றார் வழிகாட்டி. 2001 ஜனவரியில் யாரோ சுத்தியலால் அடித்து உடைத்துவிட, ஊரே துக்கம் கொண்டாடியதாம். பிறகு ஒட்டிச் சரிசெய்திருக்கிறார்கள்.

இடது கை ஏன் என்றால், இதயம் இடது பக்கம் இருப்பதால். இடது கையை வைத்து மனதுக்குள் வேண்டிக்கொள்ள வேண்டும். மகனைத் தூக்கிப் பிடித்தோம். பழக்க தோஷத்தில் வலது கையை வைத்துவிட்டு, மகள் அதட்டியதும் இடதுக்கு மாற்றினான். "அப்ப எனக்கு ரெண்டு கேக்கலாமா?" என்றான். என்ன வேண்டினான் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த சதுக்கத்தில் குடைராட்டினத்தைக் கண்டதும் ஓடிய ஓட்டத்தில் ஓரளவு தெரிந்துவிட்டது. அத்தை கடைசிவரை தொடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. பின்னால் வந்த இரண்டு பிரெஞ்சுப் பாட்டிகள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்குப் போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுவதுபோல ஆந்தையைத் தொட்டுவிட்டுப் போனதை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை மயங்கியது கடுகுக் கடையில். அரைத்த கடுகு விழுதுக்குப் பேர்போன ஊர் இது. குழாயைத் திறந்து விழுதைப் பீங்கான் ஜாடியில் பிடித்துக் கொடுக்கிறார்கள். குச்சியில் தொட்டு நாக்கில் வைத்ததும் மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. "ஆவக்காய்!" என்றார் கண்ணீரோடு. உண்மைதான். இங்கே அரைப்பதும் நாம் தாளிப்பதும் பெரும்பாலும் ஒரே இனக் கடுகு. எண்ணெயில் பொரிந்தால் அதன் காரம் கிளம்பவே வழியில்லை. பச்சையாக இடித்து ஈரம் பட்டால்தான் கிளம்பும். ஊறுகாய்க்குக் கடுகை வறுக்காமல் பொடிப்பதும் அதற்குத்தான். இங்கே விதையோடு புளிப்புத் திராட்சைச் சாறோ, வினிகரோ, வெள்ளை ஒயினோ சேர்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், டிஜோன் கடுகு டிஜோனில்தான் அரைக்கப்பட வேண்டும் என்றில்லை. விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வருகிறது. அங்கே 2021இல் வறட்சி வந்ததால், 2022இல் பிரான்ஸ் கடைகளில் கடுகுத் தட்டுகள் காலியாகக் கிடந்தன.

மாலையில் கணவரும் மகளும் கோமகன் அரண்மனைக் கோபுரத்தின் 316 படி ஏறிவிட்டு வந்தார்கள். வண்ண ஓட்டுக் கூரைகளின் படம் நாற்பது எடுத்திருந்தார்கள். மகன் அரண்மனை எதிரே தரையிலிருந்து பீறிடும் நீரூற்றில் முழுசாக நனைந்தான். மாற்றுத் துணி கொண்டுபோகாதது என் தப்பு. நானும் அத்தையும் அரண்மனைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனோம், இலவசம்தான். துணிச்சல்கார பிலிப்பின் கல்லறையைச் சுற்றி, ஒரு முழ உயரத்தில், வெண்கல்லில் செதுக்கிய துக்க ஊர்வலம் போகிறது. ஒருவர் கண்ணைத் துடைக்கிறார், ஒருவர் முக்காட்டுக்குள் முகமே தெரியாமல் நடக்கிறார். "கூலிக்கு மாரடிக்கிறவங்களா, நெஜமா அழுறவங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார் அத்தை. அரை மணி நேரம் ஆயிற்று. எனக்கு இந்த ஊரில் பிடித்த இடம் அதுதான்.

கடுகு ஜாடியைக் கைப்பையில் வைத்தால் விமானத்தில் விடமாட்டார்கள் என்று தம்பி எச்சரித்ததால், பெட்டியில் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது பாதி தீர்ந்துவிட்டது. அத்தைதான் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார். அலமாரியில் வைக்கும்போது மட்டும், ஆந்தைப் படம் போட்ட பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுகிறார்.