பின் ஷாக்: மாட்டுவது சுலபம், வாங்குவதுதான் வம்பு

என் பைக்குக்குத் தப்பான பின் ஷாக்கை (பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) கொடுத்த கடைக்காரர் கடைசியில் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் கவுன்டரில் இருந்த பையன் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "கவரைப் பிரிச்சுட்டீங்க, இனி இது எங்களுக்கு எதுக்காகுமுங்ண்ணா?" கவரைப் பிரிக்காமல் ஷாக்கை எப்படி வண்டியில் மாட்டுவது என்று நானும் கேட்டேன். அதற்குப் பதிலில்லை.

என்னுடையது பழைய 100 சிசி வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் இருக்கிற ரகம். (நடுவில் ஒற்றை ஷாக் மட்டும் இருக்கிற மோனோ ஷாக் வண்டிக்காரர்கள் இதை நம்பி ஸ்பேனரை எடுக்க வேண்டாம், அது வேறு வேலை.) காலையும் மாலையும் பால் கேன், நடுநடுவே புண்ணாக்கு மூட்டை என்று சுமந்ததில் இடது ஷாக் ஆயில் விட ஆரம்பித்தது. வெள்ளகோவில் பக்கம் ஆடிக் காற்றுக்குப் புழுதி எப்படிப் பறக்கும் என்று தெரியுமல்லவா? கசிந்த ஆயிலில் அது கலந்து ராடு முழுக்கக் களிம்பாக அப்பிக்கிடந்தது. உங்கள் வண்டியில் சந்தேகமிருந்தால் சீட்டின் பின்பக்கத்தை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். எழும்பியதும் நின்றுவிட வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை அடக்க வேண்டிய ஆயில் வேலை செய்யவில்லை, வெறும் ஸ்பிரிங்தான் மிச்சம் என்று அர்த்தம்.

ஒரு பக்கம்தான் போயிருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஒன்று கெட்டியாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால் வளைவில் வண்டி நம் பேச்சைக் கேட்காது. பழைய ஷாக்கையே அறுத்து ஆயில் ஊற்றி வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

டவுனில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் மாடல், வருஷம் இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒரே ஷாக்தானுங்ண்ணா" என்று பையன் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். பில்லில் மாடலையும் வருஷத்தையும் எழுதச் சொன்னேன். சலித்துக்கொண்டே எழுதினான். அந்த ஒரு வரிதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

கழற்றும்போது மேல் நட் மரியாதையாக வந்துவிட்டது. ஷாக்தான் வரவில்லை. ஷாக்கின் மேல் ஓட்டையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் உள்ள இரும்புக் குழாய், சேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பின்னோடு (நட் ஏறும் மரை போட்ட இரும்புத் தண்டு) துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் சுத்தியலை எடுத்து நேராகப் பின்னின் தலையில் போட்டீர்களோ, மரை போய்விடும். அப்புறம் வெல்டிங் பட்டறைதான். ராத்திரியே டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவையுங்கள். காலையில் நட்டைப் பின்னின் நுனி வரைக்கும் கையாலேயே திரும்ப ஏற்றிவிட்டு, உள்பக்கமிருந்து ஒரு மரக்கட்டையை வைத்து மேலும் கீழுமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். சட்டென்று ஒரு கிரீச் சத்தம், குழாய் ஒரு நூல் நகர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, மாட்டி முடித்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

கீழ் போல்ட் வராமல் அடம்பிடித்தால் அது துருவாக இருக்க வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் அந்தரத்தில் தொங்குவதால் அதன் பாரம் முழுக்க போல்டில்தான் இருக்கும். டயருக்கு அடியில் பலகைத் துண்டு கொடுத்துக் கொஞ்சம் தூக்கினால் கையாலேயே உருவிவிடலாம். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் மட்டும் கழற்றாதீர்கள். ஒரு பக்கம் மாட்டிவிட்டு அடுத்த பக்கம்.

சரி, பழையது வந்துவிட்டது, புதியதை ஏற்றலாம் என்று பார்த்தால் மேல் ஓட்டை சிறிது! நீளம் சரி, ஸ்பிரிங் சரி, ஓட்டை மட்டும் பின்னில் ஏறவில்லை. கடைக்குப் போன் போட்டால், "லேசாத் தட்டுங்ண்ணா, ஏறிக்கும்." தட்டினால் ரப்பர் கிழியும், காசும் போகும். வண்டி பிரிந்து கிடக்க, பால் கேனைப் பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பழைய ஷாக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்திருந்ததைக் கண்டக்டர் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது.

கவுன்டரில் வாக்குவாதம் முற்றியதும் உள்ளேயிருந்து முதலாளி வந்தார். பில்லை வாங்கிப் படித்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பையனிடம், "வருஷத்தை எழுதிட்டு வேற வருஷத்துச் சாமானைக் குடுத்திருக்கறயே, கண்ணு" என்றார், அவ்வளவுதான். சரியான ஜோடி வந்தது. என்னிடம் ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம், பஸ் காசாவது மிச்சமானதாக நினைத்திருப்பேன். நீங்கள் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே ஓட்டையை ஒத்துப்பாருங்கள்.

மாட்டுவதில் சொல்ல ஒன்றுமில்லை. வலது பக்கம் சைலென்சர் இடித்தால் அதன் போல்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள், இடது பக்கம் சாரி கார்டு குறுக்கே வந்தால் அதையும். எந்த வாஷர் உள்ளே, எது வெளியே என்பதைக் கழற்றும் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள். முழு இறுக்கம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பாரம் அமர்ந்த பிறகுதான். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

எனக்கு வந்த ஜோடியில் ஒன்றின் அட்ஜஸ்டர் (ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம்) முதல் படியிலும் மற்றது நடுப்படியிலும் இருந்தது. இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும், யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: பின்பக்கம் உயர்ந்துவிடுவதால் ஹெட்லைட் வெளிச்சம் கிட்டத்திலேயே விழும், அதைத் திருப்பி வைக்க வேண்டும். சைடு ஸ்டாண்டிலும் வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்கிறது. இடது பக்கம் கேனை மாட்டியபடி பால் சொசைட்டி வாசலில் நிறுத்துகிறவர்கள் பார்த்து நிறுத்துங்கள்.