ஹாங்காங்கில் பேங்க் கணக்கு: நான்காவது தடவையில்தான்

சம்பளம் போட ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நான்கு தடவை அலைந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

லண்டனிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். வேலை விசாவும் அடையாள அட்டையும் சுலபமாக முடிந்தன. (வந்த 30 நாளுக்குள் அட்டைக்குப் பதிய வேண்டும். நேரத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.) 1997 ஏப்ரலுக்கு முன்பெல்லாம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் விசாவே இல்லாமல் 12 மாதம் தங்கி வேலை பார்க்க முடிந்தது என்று ஆபீஸில் ஒரு பெரியவர் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்.

சிக்கல் எல்லாம் அட்ரஸ் ப்ரூஃபில். லண்டனில் கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டு வரி, பில் ஒன்றைக் காட்டினால் போதும். இங்கே அதைப் போன்ற வரிக்கு ரேட்ஸ் என்று பெயர். என் வீட்டுக்கு அதை வீட்டுக்காரம்மாவே கட்டுகிறார். மின்சார பில் அவர் பெயரில். தண்ணீர் பில்லும் அப்படித்தான், அதுவும் 4 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். பேங்க் கேட்பதோ என் பெயரில், 3 மாதத்துக்குள் வந்த காகிதம். சரி, வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று கென்னடி டவுனிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பேங்க் பெண் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "ஸ்டாம்ப் எங்கே?" என்றார். முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் செல்லாதாம்.

என்னுடையது 2 வருட ஒப்பந்தம். முதல் வருடம் 'செய் யோக்', அதாவது செத்த ஒப்பந்தம், நடுவில் காலி பண்ண முடியாது. அடுத்தது 'சாங் யோக்', உயிருள்ள ஒப்பந்தம், நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். இதற்கு முத்திரை வரி ஒரு வருட வாடகையில் 0.5 சதவீதம். மாதம் 16,000 ஹாங்காங் டாலர் என்றால் வரி 960, இரண்டாம் பிரதிக்கு 5 டாலர். வழக்கமாக ஆளுக்குப் பாதி. வீட்டுக்காரம்மா வீண் செலவு என்று விட்டிருக்கிறார். கையெழுத்தான 30 நாளுக்குள் கட்டாவிட்டால் அபராதம் இரண்டு மடங்கில் தொடங்கி 10 மடங்கு வரை போகும். அன்றைக்கு எனக்கு 26ஆம் நாள்! வாதாட நேரமில்லை, முழுத் தொகையையும் நானே ஆன்லைனில் கட்டினேன். வீட்டுச் சாவி வாங்கும் முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை, பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் என் குடும்பப் பெயர். இது நம் எல்லோருக்கும் உள்ள தலைவலி. இங்கே குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள். ஏஜென்ட் குழம்பிப்போய் ஒப்பந்தத்தில் என்னை அப்பாவாகவும் அப்பாவை நானாகவும் ஆக்கிவிட்டார். "இது வேறு ஆள்" என்று பேங்கில் மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெயரை அடித்துத் திருத்தி, பக்கத்தில் நானும் வீட்டுக்காரம்மாவும் சுருக்கொப்பம் போட வேண்டியதாயிற்று. அதற்காக அவர் டுன் முன் என்ற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தார், பாவம். 960 டாலர் கோபம் அன்றோடு பாதி தணிந்தது.

மூன்றாவது தடவை பேங்க் வாசலில் ஷட்டர் இறங்கியிருந்தது. 8ஆம் எண் புயல் எச்சரிக்கை. நம்மூரில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினாலும் கடைத்தெரு திறந்தே இருக்கும். இங்கே 8 என்றால் பேங்க், பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் மூடல். இரண்டு மணி நேரம் முன்னதாகவே அறிவித்துவிடுவார்களாம். வானிலை ஆப்பை போனில் போடாதது என் தப்பு.

நான்காவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. வரி எண் கேட்டார்கள், பிரிட்டனில் எனக்கு இருந்த நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பரைக் கொடுத்தேன். பிரிட்டனிலிருந்து வருபவர்கள் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கையெழுத்து. பாஸ்போர்ட்டில் ஒரு ஆர்வத்தில் தமிழில் போட்டிருந்தேன், படிவத்தில் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கினேன். பேங்க் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் புதுப் படிவத்தை நீட்டினார். தமிழில் போட்டேன். 'ழ'வை ரசித்தாரோ என்னவோ, முதல் தடவையாகச் சிரித்தார். "ம்கோய்" என்றேன், கான்டனீஸில் எனக்குத் தெரிந்த ஒரே நன்றி.

நண்பர் ஒருவர் கிளையே இல்லாத டிஜிட்டல் பேங்கில், சோபாவில் உட்கார்ந்தபடி கணக்குத் திறந்திருக்கிறார். என் ஆபீஸில் இந்த பேங்க்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து நாளில் அந்த பேங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பெயர், என் முகவரி, தேதி. அதை எடுத்துக்கொண்டு லண்டன் டிரைவிங் லைசென்ஸை மாற்றப் போனேன். டெஸ்ட் கிடையாது, 900 டாலர், 10 வருடத்துக்குச் செல்லும். அங்கேயும் அட்ரஸ் ப்ரூஃப் கேட்டார்கள். கடிதத்தை நீட்டினேன். இரண்டு நொடிகூடப் பார்க்கவில்லை.