சர்வர் மாற்றும் வாரம்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பழைய சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதனால் பண்டகசாலையின் இருப்புக் கணக்கு ஆப்பை 24.04 போட்ட புது சர்வருக்கு மாற்றும் வேலை. இதில் வருவது பைத்தான் 3.12, ஆப் நிற்கும் பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கான பழைய ஜாங்கோ 3.2 அதற்கு ஆதரவு தராது, ஆகவே 4.2-க்கும் ஏறியாக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் எனக்குப் பிடிக்காத விஷயம், வேறு வழியில்லை.

கான்ஃபிக் கோப்புகளைப் பழையதிலிருந்து அப்படியே எடுத்து வைத்து ஓட்டினால் 502, அதாவது முன்னால் நிற்கும் வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை. பின்னால் ஆப்பை இயக்கும் ஜியூனிகார்ன் ஓடுகிறது, இரண்டும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பு இருக்கிறது, அதன் அனுமதி 777, யாருக்கும் தடையில்லை, ஆனாலும் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் எரர் லாக் '13: பெர்மிஷன் டினைட்' என்கிறது. இந்த மாதிரி நேரத்தில் சாக்கெட்டையே முறைத்துக்கொண்டிருந்து பயனில்லை, அதற்குப் போகும் பாதை முழுக்கப் பார்க்க வேண்டும். 'நேம்ஐ' கட்டளையை எல் ஆப்ஷனோடு அடித்தால் ஒவ்வொரு கோப்புறையின் அனுமதியையும் வரிசையாகக் கொட்டிவிடும். பார்த்தால், சாக்கெட் இருக்கும் ஹோம் கோப்புறை 750, உரிமையாளரும் அவர் குழுவும் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. உபுண்டு 21.04 முதல் புதுப் பயனரின் ஹோம் கோப்புறை 755-க்குப் பதில் 750-ஆகத்தான் உருவாகிறது, அதனால் என்ஜின்எக்ஸ் உள்ளே காலே வைக்க முடியாது. திரும்ப 755 ஆக்கிவிடு என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். வேலையும் நடக்கும்தான், ஆனால் மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்றுதானே அதை மாற்றினார்கள்? சாக்கெட்டை 'ரன்' கோப்புறைக்குக் கொண்டுபோனேன், சர்வீஸ்களைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் 'ரன்டைம் டைரக்டரி' வரி ஒன்று போட்டால் அதுவே இடத்தை உருவாக்கி உரிமையும் கொடுத்துவிடுகிறது. பக்கம் வந்தது, அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ் இல்லாமல் மொட்டையாக. சிஎஸ்எஸ் போன்ற ஸ்டாட்டிக் கோப்புகளும் அதே ஹோமுக்குள் இருந்தன, அவற்றையும் வெளியே எடுத்தாயிற்று.

ஜூன் 4, புதன்

இல்லாத முகவரி ஒன்றை வேண்டுமென்றே அடித்துப் பார்த்தேன். பிழை தேடும்போது மட்டும் வர வேண்டிய ஜாங்கோவின் டீபக் பக்கம், நம் யூஆர்எல் பட்டியல் மொத்தத்தையும் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. என்விரான்மென்ட் கோப்பில் டீபக் 'ஃபால்ஸ்' என்றுதான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வருவது வெறும் எழுத்துச் சரம், காலியில்லாத எந்தச் சரமும் பைத்தானுக்கு 'ட்ரூ'. ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரி சேர்த்ததும் சரி.

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே கணக்கு அக்காவின் போன். "தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், 403-னு வருது." 403 என்றால் அனுமதி மறுப்பு. படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனை தோற்கிறது. ஏன் என்று எங்கும் இல்லை, லாக்கிலும் இல்லை. டீபக் அணைந்திருந்தால் ஜாங்கோ தன் எச்சரிக்கைகளைக் கன்சோலுக்கு அனுப்பாது, லாகிங் அமைப்பை நாமே எழுதித்தர வேண்டும். எழுதிய பிறகுதான் வாயைத் திறந்தது: ஒரிஜின் பொருந்தவில்லையாம்.

ஜாங்கோ 4.0 முதல் கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று பிரவுசர் எழுதி அனுப்பும் ஒரிஜின் ஹெடரையும் சரிபார்க்கிறார்கள். பிரவுசர் எச்டிடிபிஎஸ் என்கிறது, ஆனால் எச்டிடிபிஎஸ் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது, உள்ளே ஜியூனிகார்னுக்குப் போவது வெறும் எச்டிடிபி. இரண்டும் ஒத்துப்போகவில்லை, கதவைச் சாத்திவிட்டது. 3.2-இல் இந்தச் சோதனையே கிடையாது என்பதால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. மருந்து இரண்டு வரி. வந்தது எச்டிடிபிஎஸ் என்று உள்ளே சொல்ல என்ஜின்எக்ஸில் 'எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ' ஹெடர், அதை நம்பச் சொல்ல ஜாங்கோவில் 'செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்'. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கின் லொகேஷன் பிளாக்கில் அந்த ஒரு ஹெடர் வரியைச் சேர்த்து ரீலோட் செய்தால் 403 போய் 400, அதாவது கோரிக்கையே தவறு என்று வந்து நிற்கிறது!

இப்போது லாக் தயார், உடனே சொன்னது: வந்த ஹோஸ்ட் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்', அது அனுமதிப் பட்டியலில் இல்லை, வேண்டுமானால் சேர்த்துக்கொள். சேர்க்கவில்லை. எந்தப் பெயரும் சரி என்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போகலாம் என்றார் நண்பர் ஒருவர், அதற்குப் பட்டியலே வேண்டாமே. உண்மையான ஹோஸ்ட் பெயர் எங்கே காணாமல் போகிறது என்பதுதான் கேள்வி. என்ஜின்எக்ஸில் ஒரு விதி உண்டு: உள்ளே ஆப்புக்கு அனுப்பும் ஹெடர்களை எழுதும் ப்ராக்ஸி செட் ஹெடர் வரிகள் மேல் பிளாக்கிலிருந்து கீழே இறங்குவது, கீழே அப்படி ஒரு வரிகூட இல்லாதபோது மட்டும்தான். ஒன்று எழுதினாலும் மேலே உள்ள அத்தனையும் செல்லாது. ஹோஸ்ட் வரி மேலே சர்வர் பிளாக்கில் இருந்தது, கீழே புதிதாக ஒன்று வந்ததும் அது உதிர்ந்துவிட்டது. கான்ஃபிக்கைச் சோதிக்கும் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டி' கட்டளை இதையெல்லாம் பிடிக்காது, இலக்கணம் சரியாக இருக்கிறதே. எல்லா ஹெடர் வரிகளையும் ஒரே தனிக் கோப்பில் வைத்து லொகேஷனில் இன்க்ளூட் செய்துவிட்டேன். மதியத்துக்குள் அக்கா உள்ளே போய்விட்டார்.

ஜூன் 9, திங்கள்

பில் போட்டோ ஏற்ற முடியவில்லை, 413, அனுப்பியது அளவில் பெரிதாம். என்ஜின்எக்ஸ் சொல்லாமலே வைத்திருக்கும் வரம்பு 1 எம்பி, இன்றைக்கு எந்தப் போனில் எடுத்த படம் அதற்குள் அடங்கும்? பழைய சர்வரில் இந்த வரம்பை யாரோ பொதுக் கான்ஃபிக்கில் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஆப்பின் கோப்பில் இல்லை, அதனால் நகலோடு வரவில்லை. 10 எம்பி ஆக்கி, இந்த முறை ஆப்பின் கோப்பிலேயே எழுதினேன். அந்தப் பொதுக் கோப்பில் வேறென்ன ஒளிந்திருக்கிறது என்று இரண்டு கோப்புகளை ஒப்பிடும் 'டிஃப்' போட்டுப் பார்த்ததில் பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் வரிகள் மட்டும்தான். எச்டிடிபிஎஸ் சான்றிதழின் புதுப்பிப்பை ஒத்திகையாக 'ட்ரை ரன்' செய்து பார்த்தாயிற்று, ஓடுகிறது. பழைய சர்வரை மாதக் கணக்கு முடியும்வரை அழிக்கப் போவதில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறேன்.