சியாங் யூவின் வீரத்தைப் பற்றி இரண்டு முறை எழுதிய விடை

தொலைநிலைக் கல்வியில் முதுகலை வரலாறு படித்தபோது, பண்டைய சீனம் பற்றிய தாளில் “சியாங் யூவின் தனிப்பட்ட வீரத்தையும் போர்ப் புகழையும் மதிப்பிடுக” என்ற 20 மதிப்பெண் கேள்வி வந்தது. சின் பேரரசை வீழ்த்திய கிளர்ச்சியில் எழுந்து, பிறகு ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கோடு ஆட்சிக்காகப் போரிட்டுத் தோற்ற சூ நாட்டுத் தலைவன்தான் சியாங் யூ. மகிழ்ச்சியோடு ஆறு பக்கம் எழுதினேன், கிடைத்தது 7. அடுத்த ஆண்டு அதே தாளை மீண்டும் எழுதியபோது ஏறத்தாழ அதே கேள்வியே வேறு சொற்களில் வந்தது; இம்முறை நான்கு பக்கத்துக்கு 15 கிடைத்தது. இந்தத் தாளுக்குப் படிப்பவர்களுக்கு, இடைப்பட்ட ஓராண்டில் நான் மாற்றிக்கொண்டவை பயன்படலாம்.

முதல் விடை ஒரு பரணி போல இருந்தது. எட்டடிக்கு மேற்பட்ட உயரம், வெண்கலக் கொப்பரையைத் தூக்கும் வலிமை, கி.மு. 209இல் குவெய்ஜி ஆளுநரை வெட்டி வீழ்த்திய கையோடு ஏறக்குறைய நூறு பேரை ஒருவனாகக் கொன்றது எனச் செய்திகளை அடுக்கிக்கொண்டே போனேன். செய்தி எதுவும் தவறில்லை. ஆனால் ‘மதிப்பிடுக’ என்ற சொல்லை நான் ‘போற்றுக’ என்று படித்திருந்தேன். அந்த எட்டடியும் அக்காலச் சீன அடி என்பதால் நம் அளவில் ஆறடியை ஒட்டித்தான் வரும் என்பதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி, சிமா சியென் எழுதிய ‘ஷி ஜி’ என்ற வரலாற்று நூலின் 7ஆம் அத்தியாயத்திலிருந்து வருகிறது. சியாங் யூ இறந்தது கி.மு. 202இல், சிமா சியென் எழுதியதோ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அவனைத் தோற்கடித்த ஹான் வம்சத்தின் அரசவையில் பணியாற்றியபடி. தோற்றவனுக்குப் பேரரசர்களுக்குரிய ‘அடிப்படை வரலாறு’ வரிசையில் இடம் கொடுத்த துணிவை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் தேர்வுக்குப் படிப்பவர் அந்த அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டால், சியாங் யூவின் பக்கத்திலிருந்து மட்டுமே போரைப் பார்த்தவராகிறார். லியூ பாங்கைப் பற்றிய 8ஆம் அத்தியாயத்தையும் அவனுடைய தளபதி ஹான் சின்னைப் பற்றிய 92ஆம் அத்தியாயத்தையும் அருகில் வைத்துப் படித்த பிறகுதான் எனக்குப் பிடி கிடைத்தது.

சியாங் யூ தோற்ற கடைசிப் பெரும்போரான கெய்சியாப் போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 7ஆம் அத்தியாயத்தில் போர்க்களமே ஏறக்குறைய காணப்படாது. இரவில் நாற்புறமும் எதிரிப் பாசறையிலிருந்து சூ நாட்டுப் பாடல்கள் கேட்பதும், தன் நாடான சூ முழுவதும் பறிபோய்விட்டதோ என்று சியாங் யூ கலங்குவதும், 800 குதிரை வீரர்களோடு முற்றுகையைப் பிளந்து வெளியேறுவதும்தான் அங்கே உள்ளன. 8ஆம் அத்தியாயமோ படை அணிவகுப்பைத் தருகிறது: ஹான் சின்னிடம் 3 லட்சம் பேர், சியாங் யூவிடம் சுமார் 1 லட்சம் பேர், முதல் மோதலில் ஹான் சின் பின்வாங்க, இரு பக்க அணிகளும் பாய்ந்து தாக்க, சூ படை தடுமாறியபோது ஹான் சின் திரும்பி வந்து முறியடிக்கிறான். அடுத்து 7ஆம் அத்தியாயத்தில், 28 வீரர்கள் மட்டும் எஞ்சிய நிலையில், “எட்டு ஆண்டுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட போர்கள் புரிந்தேன், ஒருமுறையும் தோற்கவில்லை, என்னை அழிப்பது வானமே, போரில் நான் செய்த பிழையன்று” என்று அவன் சொல்வதாக வருவதைப் படியுங்கள். அவன் தோற்ற போரை அதே நூலின் அடுத்த அத்தியாயம் விவரிக்கிறது. இந்த முரணை எடுத்துக்காட்டியதுதான் என் இரண்டாம் விடையின் முதுகெலும்பு. அந்த 28 பேர் முன்னிலையில் பேசப்பட்டதை யார் கேட்டு, யார் வந்து சொன்னார்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

வீரமும் புகழும் தனித்தனியானவை என்பதைக் காட்ட ஜூலுப் போர் (கி.மு. 207) போதும். ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பாத்திரங்களை உடைத்து, மூன்று நாள் உணவோடு சின் பேரரசின் படை மீது பாய்ந்தது அவனுடைய துணிவு. உதவிக்கு வந்திருந்த மற்ற நாட்டுத் தளபதிகள் தங்கள் அரண்களின் மேல் நின்று வேடிக்கை பார்த்ததும், வெற்றிக்குப் பின் அவன் பாசறை வாயிலில் மண்டியிட்டு நுழைந்ததும் புகழ் உண்டான விதம். முதல் விடையில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணித்திருந்தேன். பெங்செங்கில் (கி.மு. 205) 30,000 பேரைக் கொண்டு லியூ பாங் தரப்பின் 5,60,000 பேரைச் சிதறடித்ததாக வரும் செய்தியை எழுதும்போது, ‘ஷி ஜி கூறும் எண்ணிக்கை’ என்று குறித்துவிடுங்கள், நேரடி உண்மையாக எழுத வேண்டாம்.

எதிர்த்தரப்பின் மதிப்பீட்டுக்கு ஹான் சின் போதுமானவன். முன்பு சியாங் யூவிடமே பணியாற்றியவன் என்பதால் அவன் சொல்லுக்கு எடை உண்டு. சியாங் யூ முழங்கினால் ஆயிரம் பேர் செயலற்றுப் போவார்கள் என்று ஒப்புக்கொண்டே, தகுதியுள்ள தளபதிகளை நம்பிப் பொறுப்பளிக்கத் தெரியாததால் அது தனியொருவனின் துணிவு மட்டுமே என்கிறான். பதவி வழங்கவேண்டிய முத்திரையைக் கொடுக்க மனமில்லாமல், அதன் விளிம்பு தேயும்வரை கையிலேயே வைத்திருப்பான் என்றும் சொல்கிறான். இரு படைகளும் எதிரெதிரே நின்ற குவாங்வூ என்ற இடத்தில் தனியாக மோதலாம் வா என்று சியாங் யூ அழைத்தபோது, வலிமையால் அன்றி அறிவால் போரிடுவதையே விரும்புகிறேன் என்று லியூ பாங் சிரித்ததையும் இதனோடு சேர்த்தால், கேள்வியின் இரு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்கும்.

முடிவுரையில்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். ‘மாவீரன்’ என்று முடித்துவிடுகிறார்கள். நான் வூ ஆற்றங்கரையை எழுதினேன். படகோடு காத்திருந்தவரின் அழைப்பை மறுத்து, குதிரையை அவருக்கே கொடுத்துவிட்டு, நடந்தே போரிட்டுப் பத்துக்கும் மேற்பட்ட காயங்களோடு தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். தலைக்கு ஆயிரம் பொன்னும் 10,000 குடும்பங்கள் கொண்ட நிலமும் பரிசாக அறிவிக்கப்பட்டிருந்ததால் வீரர்கள் ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றுகொள்கிறார்கள். உடலின் துண்டுகளைக் கொண்டுவந்த ஐந்து பேருக்கும் பிரபுப் பட்டம் கிடைக்கிறது. 8ஆம் அத்தியாயமோ அவன் துரத்திக் கொல்லப்பட்ட இடம் டோங்செங் என்கிறது. இரண்டையும் எழுதி, எதை ஏற்கிறேன் என்பதற்குக் காரணமும் கூறி, அங்கேயே பேனாவை மூடினேன்.