வாந்தி என்று சொல்லி நான்கு நாளை வீணாக்கிய கதை

நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தம். கழுத்தை முன்னால் நீட்டி, கால்களை அகட்டி நின்று, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல ஓர் இழுப்பு. கடைசியில் ஒரு ஸ்பூன் வெள்ளை நுரை. எலும்புதான் மாட்டிக்கொண்டது என்று நானே முடிவு கட்டி, எங்கள் எட்டு வயது பொமரேனியன் நாயின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எலும்பு இல்லை, விரலில் பல் பதிந்ததுதான் மிச்சம்.

காலையில் மருத்துவரிடம், "நைட்டெல்லாம் வாந்தி டாக்டர்" என்றேன். வாந்திக்கு ஊசி போட்டார். அங்கே இவன் ஒரு தடவைகூட இருமாமல் வாலாட்டிக்கொண்டு நின்றான். அவரும்தான் என்ன செய்வார்!

நான்காம் நாள் போனில் வீடியோ எடுத்து வேறொரு மருத்துவரிடம் காட்டினேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "வயிறு எக்கவே இல்லை, சாப்பிட்டது எதுவும் வெளிய வரலை. இது வாந்தி இல்லைங்க, இருமல். இருமி முடியறப்ப ஓக்காளம் வருது, அதோட நுரை." சொல்லிக்கொண்டே கழுத்தின் முன்பக்கம் லேசாக அழுத்தினார். உடனே வாத்து கத்துவதுபோல அதே சத்தம்!

இரண்டு வாரத்துக்குள் வேறு நாய்களோடு பழகினானா என்று கேட்டார். நாய்க்கு நாய் பரவும் 'கென்னல் காஃப்' இருமல் தொற்றாக இருக்குமோ என்று சந்தேகம். பழகவில்லை என்றேன். சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு கசிந்தும் இருமல் வருமாம். ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது: மூச்சுக்குழாயை விரித்துப் பிடிக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து, குழாய் கழுத்துப் பகுதியில் தட்டையாகியிருந்தது.

கழுத்துப் பட்டையைக் கழற்றி, மார்போடு மாட்டும் பெல்ட். எடையைக் குறைக்க வேண்டும். இருமலுக்கு மாத்திரை. நம் இருமல் சிரப்பைத் தொடவே கூடாது என்றார். முந்தின நாள் மூடியில் ஊற்றும்வரை போயிருந்தேன், அதைச் சொல்லவில்லை. ஈறு நீலம் பாரித்தாலோ, வயிறு உப்பி வெறும் ஓக்காளமாக வந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாதாம்.

இப்போதும் அழைப்புமணி அடித்தால் உற்சாகத்தில் இரண்டு முறை இருமுவான். அவன் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். நேற்று 18.