வாரத்துக்குக் கால்வாசி மணல்

மொரீசியஸின் மேற்குக் கரையில் உள்ள ஒரு விடுதியின் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நீச்சல்குளம், தோட்டத்து நீரூற்று, தண்ணீர் பம்புகள் ஆகியவற்றோடு வரவேற்புக் கூடத்தில் இருக்கும் பவளத் தொட்டியும் என் பொறுப்பில் வருகிறது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 700 லிட்டர் கடல்நீர் பிடிக்கும். விருந்தினர்கள் மீனையும் பவளத்தையும் பார்க்கிறார்கள். காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண் போவது மணலுக்குத்தான். முந்தின வாரம் யார் எவ்வளவு தீனி போட்டார்கள், எந்த அலைப் பம்பு தளர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் மணலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இங்கே வருமுன் தூத்துக்குடிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் இருந்தேன். அங்கே குளத்தின் அடிமண் கறுத்து நாறினால் அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: அறுவடை முடிந்து தண்ணீரை வடித்த பிறகு கறுப்பு மண்ணைச் சுரண்டி வெளியே தள்ளிவிட்டு, தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை வெயிலில் காயப் போடுவோம். கறுப்பு என்றால் அகற்ற வேண்டியது, முழுவதுமாக, ஒரே மூச்சில் என்பது என் கையில் ஊறிப்போன பாடம். குளத்தில் அப்போது ஓர் உயிரும் இருக்காது என்கிற பாதிப் பாடத்தை மட்டும் நான் கப்பலேற்றிக் கொண்டு வரவில்லை.

நான் பொறுப்பேற்றபோது தொட்டியின் முன்பக்கத்தில் நான்கு சென்டிமீட்டரும் பின்பக்கத்தில் பத்து சென்டிமீட்டரும் மணல் இருந்தது. ஆறு ஆண்டுகளாக யாரும் கிளறாத மணல். கண்ணாடியோரமாகப் பார்த்தால் மேலே வெள்ளை, நடுவில் சாம்பல், அடியில் தார் பூசியதுபோலக் கறுப்பு. இரண்டாவது ஆண்டு ஜனவரியில், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கையில், மீனுக்குத் தீனி போடும் எங்கள் மூத்த பணியாளர் காவடி விரதத்துக்காக விடுப்பில் போனார். இவ்வூர்க்காரர், வீட்டில் கிரியோல், கோவிலில் தமிழ். எல்லோரும் அவரைத் தோந்தோன் என்றே அழைப்பார்கள். ஊர் வழக்கில் அது மாமா, சித்தப்பா எல்லாவற்றுக்கும் பொது. அவருக்குப் பதிலாக வந்த பையன், மீன் வாயைத் திறந்தபோதெல்லாம் பசி என்று எண்ணி உறைந்த மைசிஸ் இறாலைக் கட்டி கட்டியாகப் போட்டிருக்கிறான். ஒரு வாரத்தில் மணல்மேல் செந்நீலப் படலம் விரிந்தது. ஆறிய கஞ்சியின் ஆடையைப் போல விரலால் உரிக்க வரும். பிற்பகலில் அதனடியில் காற்றுக் குமிழ்கள் கோத்து நிற்கும். பாசி என்று எல்லோரும் சொன்னாலும் அது சயனோ பாக்டீரியா.

மேலாளர் பார்த்தார். சனிக்கிழமை ஒரு பெரிய குழு வருகிறது, மணல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். கடற்கரை எதிரில்தானே இருக்கிறது, இரண்டு வாளி அள்ளிப் போட்டால் ஆகாதா என்றும் கேட்டார். அனுமதியில்லாமல் கரையில் மணல் அள்ளுவது இங்கே குற்றம். காயலில் தோண்டி எடுப்பதையே 2001-இல் நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லி அந்த யோசனையைத் தடுத்தேன். அடுத்து நான் செய்த காரியத்தைத் தடுக்கத்தான் ஆளில்லை.

வெள்ளிக்கிழமை இரவு, கூடத்தில் ஆள் ஓய்ந்த பிறகு, தண்ணீரோடு அழுக்கை உறிஞ்சி வாளிக்கு அனுப்பும் அகலக் குழாயை அடிவரை இறக்கி மணல் முழுவதையும் இழுக்கத் தொடங்கினேன். முன்பக்கம் ஒழுங்காகவே வந்தது. பின்பக்கத்துக் கறுப்பில் குழாய் இறங்கியதும் அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுவதும் பரவியது. தண்ணீர் மை கரைத்ததுபோலக் கலங்கிற்று. அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானதால் நான் பயப்படவில்லை. இதைத்தானே எடுக்க வந்தோம் என்று இன்னும் வேகமாக இழுத்தேன். கால்மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. இங்கே ஜனவரி கோடைக் காலம், தண்ணீர் 28 டிகிரியில் இருந்தது, சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மாற்றுவதற்கு 150 லிட்டர் உப்புநீர்தான் தயாராக இருந்தது. அதை ஊற்றி, குமிழ் விடும் காற்றுக்கல் இரண்டைப் போட்டு, நஞ்சை உறிஞ்சப் புதிய கரியை வைத்துவிட்டு விடியும்வரை தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தியாஸ் மீன்கள் மூன்றும் மணலில் வளை தோண்டி வாழ்ந்த கோபி மீன் ஒன்றும் போய்விட்டன. சனிக்கிழமை குழு வந்தபோது தொட்டியின்மேல் போர்வை கிடந்தது.

மணலுக்குள் ஆழம் போகப் போக ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அது தீர்ந்த இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைப் பயன்படுத்தி அதை வெறும் நைட்ரஜனாக்கி விடுகின்றன. ஆழமான மணலை விரும்புகிறவர்கள் எதிர்பார்ப்பது இந்த உதவியைத்தான். நைட்ரேட்டும் எட்டாத இன்னும் கீழான அடுக்கில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் சல்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே வராது. விளைவது ஹைட்ரஜன் சல்பைடு. அது இரும்போடு சேர்ந்து படிவதுதான் அந்தக் கறுப்பு. கிளறாதவரை மேலேறும் கொஞ்சம் வாயுவும் மேலடுக்கின் ஆக்சிஜனில் மாறி அடங்கிவிடும். ஒரே இரவில் கிளறினால் அத்தனையும் மீனின் செவுளுக்குள் போகும். உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் தடுத்துவிடும். இதையெல்லாம் இறால் பண்ணையிலேயே நான் அறிந்திருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

விரதம் முடிந்து திரும்பிய தோந்தோன் காலித் தொட்டிபோலக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, திட்டாமல், “தூஸ்மான், தம்பி, தூஸ்மான்” என்றார். மெல்ல, மெல்ல என்பதுதான் அதன் பொருள். பிறகு குழாயைத் தன் கையில் வாங்கி, பெருவிரலால் வாளிப் பக்கத்து வாயை அழுத்தியும் விட்டும் காட்டினார். தோட்டத்தில் நாற்றுக்குத் தண்ணீர் விட்ட கை அது. அழுத்தினால் மணல் கீழே உட்காரும். தளர்த்தினால் கண்ணாடிக் குழாய்க்குள் பாதி உயரம் எழும்பிச் சுழலும். கனமற்ற அழுக்கு மட்டும் மேலே ஓடிப்போகும். குழாய்க்குள் நீர் தெளிந்ததும் அடுத்த இடம். ஒரு மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள பரலுக்கு இந்த முறை சரியாக வருகிறது. மாவு போன்ற மணல் அழுக்கோடு சேர்ந்து வாளிக்குப் போய்விடும். பெரும்பரல் என்றால் இடுக்குகளில் எச்சம் தங்கி நம்மை ஏய்க்கும்.

இப்போது தொட்டியை மனத்தில் நான்காக வகுத்துக்கொண்டு, வாரம் 70 லிட்டர் மாற்றும்போது ஒரு கால்பகுதியை மட்டும் தொடுகிறேன். பம்பு ஓடும்போதே ஊதுகுழலால் கல்லிடுக்கில் தங்கியதை வெளியே விரட்டி, அது படியும்வரை காத்திருந்து, பிறகே குழாயை இறக்குகிறேன். வெள்ளை வாளியில்தான் பிடிப்பேன். அடியில் காப்பிக் கசடு போல் தேங்கும் அழுக்கில் சின்ன நத்தையும் முட்புழுவும் நெளிந்தால் கரண்டியால் எடுத்துத் திரும்ப விட்டுவிடுவேன். பின்பக்கத்து ஆழ மணலில் மேல் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போவதில்லை. அதையும் வாரத்துக்கு ஒரு கைப்பிடி வீதம் எடுத்து, ஓராண்டுக்கும் மேல் செலவிட்டு, நான்கு சென்டிமீட்டராகக் குறைத்தேன்.

மணலைச் சுத்தம் செய்யும் உயிர்கள் என்று கடையில் விற்பவற்றின்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்ததில்லை. நசாரியஸ் நத்தை நல்ல பிராணி. மணலில் புதைந்து தும்பிக்கையை மட்டும் நீட்டியிருந்து, இறால் துண்டு விழுந்த மறுகணம் எழும்பி வருவதைப் பார்க்கக் குழந்தைகள் கூடிவிடுவார்கள். ஆனால் அது இறைச்சியைத் தின்னும், கழிவைத் தின்னாது. மணல் சலிக்கும் கோபி வாய் நிறைய அள்ளிச் செவுள் வழியாக உதிர்ப்பதால் மணல் வெளுத்துத் தெரியும். அழுக்கோ இடம் மாறுகிறதே தவிர வெளியேறுவதில்லை, பவளத்தின் தலையிலும் மணல் கொட்டும். மணல் நட்சத்திரமீன் உள்ளே இருக்கும் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தபின் பட்டினியால் செத்து, கண்ணுக்குத் தெரியாமல் மணலுக்குள்ளேயே அழுகும். கடல் அட்டையை வாங்கலாமா என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். செத்தாலோ பம்பில் சிக்கினாலோ தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடக் கூடியது என்று விளக்கினேன். 2001 முதல் அதைப் பிடிப்பது இந்தியாவில் குற்றம் என்பதால் தூத்துக்குடிக்காரனான எனக்கு அதன் பெயரைக் கேட்டாலே கை பின்வாங்கும் என்பதைச் சொல்லவில்லை.

செந்நீலப் படலம் குழாயால் போகவில்லை. எத்தனை முறை உரித்தாலும் நான்காம் நாள் அதே மூலையில் வந்து நின்றது. தீனியைப் பாதியாகக் குறைத்து, உறைந்த இறாலை உருக்கி அந்தச் சாற்றை வடித்துக் கொட்டிவிட்டுப் போடச் சொல்லி, அந்த மூலைக்கு நீரோட்டம் படும்படி பம்பைத் திருப்பிய பிறகு மூன்று வாரத்தில் தானாகவே ஒடுங்கிற்று. மருந்து போட்டால் இரண்டு நாளில் போகும் என்றார்கள். எரித்ரோமைசின் நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது என்பதால் நான் இணங்கவில்லை.

தோந்தோன் போன ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார். பின்பக்கத்து இடது மூலையில், கல்லுக்கடியில் குழாய் எட்டாத இடத்தில், மூன்று விரல் கனத்துக்கு அந்தப் பழைய கறுப்பு இன்னும் இருக்கிறது. கூடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதபடி வெளியே ஒரு பெரணித் தொட்டியை வைத்து மறைத்திருக்கிறேன். அந்தச் செடி எதற்கு அங்கே என்று மேலாளர் இதுவரை கேட்கவில்லை.